கல்லு என்று எழுதினேன், அவர் சொன்னது கள்ளு

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்து முதியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதையை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா விடியுமுன்பே கல்லு இறக்கப் போய்விடுவார்" என்று ஒரு வரி வந்தது. லொறியிலிருந்து கல் இறக்கும் வேலை என்று எண்ணி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பதிவை எடுத்த ஆய்வாளர் பிரதியைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, அந்த ஐயாவின் வீட்டில் லொறி வேலைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்." கேட்டேன். அப்போதும் எனக்குக் கல்லு என்றுதான் கேட்டது. அவர் தன் ஹெட்போனில் கேட்டார். அவருக்குத் தெளிவாகக் கள்ளு. மரம் ஏறி ஆறு பிள்ளைகளை வளர்த்த ஒரு மனிதரின் தொழிலை ஒரே எழுத்தில் மாற்றிவிட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் வேலை இதுதான். முதியவர்களின் நேர்காணல்கள், கூட்டப் பதிவுகள், சில வேளைகளில் பழைய வானொலி நாடாக்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் காதில் ஏதாவது இருக்கும். இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காவது தளத்தில். ஒரு பக்கம் கரையோரப் புகையிரதப் பாதை, மறுபக்கம் காலி வீதி என்ற பெருந்தெரு, தலைக்கு மேல் நாள் முழுவதும் சுழலும் மின்விசிறி. அறையில் குளிரூட்டி இல்லை. இந்த நான்கு தகவல்களையும் நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். எந்த ஹெட்போன் வாங்குவது என்பதை இவைதாம் முடிவு செய்தன.

அப்போது என்னிடம் இருந்தது புறக்கோட்டையில் 6,500 ரூபாய்க்கு வாங்கியது. பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கூடுதலாக வரும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டுக்கு அது இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் காது நுனி வலிக்கும். இரண்டாம் மணியில் மூக்குக்கண்ணாடியின் தண்டு பொட்டில் அழுந்தித் தலைவலி தொடங்கும். எட்டாவது மாதத்தில் காதுமெத்தையின் தோல் உரிந்து, கறுப்புத் துகள்கள் கன்னத்திலும் தோளிலும் ஒட்டத் தொடங்கின. வலிக்கும்போது மனம் அவசரப்படுகிறது. ஒரு வரியை நான்கு முறை கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு முறையோடு விட்டுவிடுகிறோம். கல்லுக்கும் கள்ளுக்கும் நடுவே நான் தவறியதற்கு ஒலி பாதிக் காரணம் என்றால், வலி மறுபாதிக் காரணம்.

ஒலியின் பங்கு என்ன என்று பிறகு தேடிப் படித்தேன். நாக்கை மடித்து உச்சரிக்கும் ள, ழ, ண போன்ற ஒலிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் குரலின் மூன்றாவது ஒத்ததிர்வுப் பட்டை, அதாவது வாயின் வடிவத்தால் குரலில் வலுப்பெறும் அதிர்வெண் பகுதிகளில் மூன்றாவது. நாக்கு மடியும்போது அந்தப் பட்டை கீழே இறங்குகிறது. அது இருக்கும் இடம் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான பகுதி. தாழ்ந்த ஒலிகள் உரத்து ஒலித்தால் தமக்கு மேலேயுள்ள மெல்லிய ஒலிகளை மூடி மறைக்கும். அது காதின் இயல்பு. பேஸை ஊதிப் பெருக்கி நடுப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளிய ஹெட்போனில் ஐயாவின் கள்ளு கல்லாகிப் போனது இப்படித்தான். பேச்சு கேட்பவர்கள், இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைகள், கர்நாடக இசை கேட்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். நாதஸ்வரத்தின் உயிரும் அதே நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

செலவுக்கு 30,000 ரூபாயை எல்லையாக வைத்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 360 ரூபாய்க்கு ஏறியதும், 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானதும் இந்தத் தொகையின் பெறுமதியை எவ்வளவு சுருக்கிவிட்டன என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் 100 டொலருக்கு விற்பது, இங்கே அலுமாரிக்கு வந்து சேரும்போது 30,000ஐத் தாண்டிவிடுகிறது.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்தேன். அக்காவின் மகனிடம் அடிமட்டத்தைக் கொடுத்து என் காதை அளக்கச் சொன்னேன். உயரம் ஆறரை சென்டிமீற்றர், அகலம் நான்குக்குச் சற்றுக் குறைவு, தலையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இரண்டு. காதைச் சுற்றி அமரும் ஹெட்போன் என்றால் இந்த அளவு முழுவதும் மெத்தையின் உள்வட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஆழமும் முக்கியம்; காது மடல் உள்ளே இருக்கும் துணியில் முட்டினால் அரை மணிக்குப் பிறகு அங்கேதான் வலி பிறக்கும். என் பழைய ஹெட்போனின் உள்வட்டம் ஐந்து சென்டிமீற்றர் உயரம் மட்டுமே. அது காதைச் சுற்றி அமரவே இல்லை. காதின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கடைகளில் இரண்டு வகையையும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயரும் ஏமாற்றும். சொனியின் டபிள்யூஎச்-சிஎச்520 காதின் மேல் அமர்வது, டபிள்யூஎச்-சிஎச்720என் காதைச் சுற்றி அமர்வது. இலக்கம் மட்டும் பார்த்து வாங்கினால் தவறிப்போகும்.

101 பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போய் யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறினேன். முதல் இரண்டு கடைகளில் பெட்டியைத் திறக்கவே மாட்டோம் என்றார்கள். மூன்றாவது கடையில் பார்வைக்கென்று நான்கைந்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே நின்ற தம்பியிடம் கேட்டேன்.

"தம்பி, இதை அரை மணி நேரம் போட்டுக்கொண்டிருக்கலாமா?"

"அரை மணி நேரமா அக்கா? பாட்டு ஒன்று கேட்டால் போதாதா?"

என் வேலையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "இருங்கள் அக்கா, ஆட்கள் வந்தால் மட்டும் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்" என்றது. அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றது இணையத்தில் வாரக்கணக்கில் படித்ததைவிட அதிகம்.

போட்டதும் மென்மையாக இருந்த ஒன்று பதினைந்தாவது நிமிடத்தில் உச்சந்தலையில் அழுத்தத் தொடங்கியது. தலைப்பட்டையின் மெத்தை மெல்லியதாக இருந்தால் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். இறுக்கம் குறைவு என்று நான் விரும்பிய இன்னொன்று தலையைக் குனிந்ததும் நழுவியது. தட்டச்சு செய்பவர்கள் குனிந்துதான் இருப்போம். மூக்குக்கண்ணாடியோடு போட்டுப் பார்ப்பது கட்டாயம். தண்டு மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடைவெளியால் வலியும் வரும், தாழ்ந்த ஒலியும் கசிந்து போகும். மென்மையான, தடித்த மெத்தையென்றால் தண்டைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். எடை 250 கிராமுக்குள் இருந்தால் என் கழுத்து நாள் முழுவதும் தாங்குகிறது. 300ஐத் தாண்டினால் மாலையில் நோகிறது. இது என் கழுத்தின் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. கடை முழுவதும் குளிரூட்டி. அங்கே எல்லா மெத்தைகளும் பட்டுப்போல இருக்கும். மே மாதத்து மதியம் இரண்டு மணிக்கு என் அறையில் இதே மெத்தை என்ன செய்யும்? தம்பியின் அனுமதியோடு ஹெட்போனைப் போட்டுக்கொண்டே கடைக்கு வெளியே வந்து, குளிர் எட்டாத படிக்கட்டருகே பத்து நிமிடம் நின்றேன். செயற்கைத் தோல் மெத்தை காதைச் சுற்றி ஈர வளையம் ஒன்றை உருவாக்கிவிட்டது. கொழும்பில் ஹெட்போன் வாங்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: குளிரறைக்கு வெளியே வந்து போட்டுப் பாருங்கள்.

என் பழைய ஹெட்போனின் தோல் உரிந்ததற்கும் இந்த ஈரக் காற்றுத்தான் காரணம். மெத்தைகளில் பெரும்பாலானவை பொலியூரிதேன் பூசிய துணியால் ஆனவை. ஈரமும் வெப்பமும் சேரும்போது அந்தப் பூச்சின் இரசாயனப் பிணைப்புகள் மெதுவாக உடைகின்றன. வியர்வையும் எண்ணெயும் அதை விரைவுபடுத்துகின்றன. அலுமாரியில் பூட்டி வைத்தாலும் இந்தக் கடற்காற்றில் உரியத்தான் செய்யும். எனவே மெத்தையைத் தனியே கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை கிடைக்குமா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். நெடுங்காலமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் மாதிரிகளுக்குத் துணியாலும் வெல்வெட்டாலும் ஆன மாற்று மெத்தைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஓடியோ-டெக்னிகாவின் எம்20எக்ஸ், எம்40எக்ஸ், எம்50எக்ஸ் மூன்றுக்கும் ஒரே அளவு மெத்தை பொருந்தும். புதிதாக வந்த, பெயர் தெரியாத மாதிரிக்கு மெத்தை போனால் ஹெட்போனே போனதுதான்.

வெப்பத்துக்குச் சிறந்தது முதுகு திறந்த ஹெட்போன், அதாவது காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாதது. காற்று உள்ளும் புறமும் போய்வரும். ஒலியும் அறை முழுவதும் பரந்ததுபோல் கேட்கும். நண்பர் ஒருவர் தன்னுடைய பிலிப்ஸ் எஸ்எச்பி9500ஐ ஒரு வாரத்துக்குத் தந்தார். 320 கிராம் எடை, ஆனால் துணி மெத்தையும் பெரிய கிண்ணமும் அந்த எடையைத் தெரியவிடவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல், வீதி அடங்கிய பிறகு, அதில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டேன். தோலில் விரல் படும் ஒலியும் கழியின் ஒலியும் தனித்தனியே விழுந்தன. கண் கலங்கிவிட்டது. ஆனால் காலையில் முதல் புகையிரதம் கடந்தபோது பதிவில் பேசிக்கொண்டிருந்த பாட்டி முழுவதுமாக மறைந்துபோனார். நான் கேட்பது அறைக்குள் இருக்கும் மற்றவர்களுக்கும் கேட்டது. நேர்காணல்களில் மனிதர்கள் சொல்வது அந்தரங்கமான விடயங்கள். வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தேன். உங்கள் வீடு அமைதியான ஒழுங்கைக்குள் இருந்தால், தனியறையும் இருந்தால், தயங்காமல் திறந்த வகையை எடுங்கள்.

இரைச்சல் நீக்கும் புளூடூத் ஹெட்போன்களையும் பார்த்தேன். மின்விசிறி, பஸ் எஞ்சின் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளை அவை நன்றாக விழுங்குகின்றன. பக்கத்து வீட்டுப் பேச்சையும் முச்சக்கரவண்டியின் ஹோர்னையும் அவ்வளவாக விழுங்குவதில்லை. தினமும் பஸ்ஸில் போய்வருபவருக்கு அது நல்ல தெரிவு. மேலே சொன்ன சிஎச்720என் 192 கிராம் மட்டுமே, வயரைச் செருகியும் கேட்கலாம். எனக்குப் பிரச்சினை வேறு. புளூடூத்தில் ஒலிவாங்கியையும் சேர்த்து இயக்கும்போது பெரும்பாலான ஹெட்போன்களில் கேட்கும் ஒலியின் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். அத்தோடு மின்கலம் முதுமையடைந்தால் மாற்றுவது சிரமம். வேலைக்கு வயர் என்று முடிவு செய்தேன். கைபேசியில் செருகு துளை இல்லாதவர்கள் டைப்-சி மாற்றி ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் என்று எல்லாவற்றிலும் இருக்கும்; நடுவில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதை அது சொல்லாது. 50 மில்லிமீற்றர் ஒலிப்பான் 40ஐவிடச் சிறந்தது என்பதும் இல்லை. ஓம் என்ற மின்தடைக் கணக்கு மட்டும் ஓரளவு உதவும்: 32 முதல் 64 ஓம் வரையிலான பெரும்பாலானவை மடிக்கணினியிலேயே போதிய உரத்தில் ஒலிக்கும்; 250 ஓம் என்றால் தனி அம்ப்ளிபயர் தேவைப்படலாம். விலை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரத்து ஒலிக்கின்றன என்பதற்கும் அவற்றின் விற்பனை விலைக்கும் தொடர்பு இல்லை என்பது அவர் கண்டது. குறைந்த செலவில் தேடும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒலியைச் சோதிக்க நான் மூன்று பதிவுகளைக் கைபேசியில் எடுத்துச் சென்றேன். கள்ளு ஐயாவின் நேர்காணல், பின்னால் மின்விசிறி ஓடும் ஒரு பாட்டியின் பேச்சு, தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த ஒரு கோயில் பதிவு. கடைக்காரர் போடும் பாட்டில் எதுவும் தெரியாது, ஏனென்றால் அது எப்படி ஒலிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது. இரண்டை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சற்று உரத்துக் கேட்பது எப்போதும் சிறந்ததுபோல் தோன்றும்; பல விற்பனைகள் அந்த மயக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன.

இவ்வளவும் பார்த்த பிறகு நான் வாங்கியது புதியது அல்ல. தெகிவளையில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் சொனி எம்டிஆர்-7506 இருப்பதாகக் கேள்விப்பட்டேன். 1991இல் வந்த மாதிரி, இன்றும் வானொலி நிலையங்களில் புழங்குவது. 63 ஓம், 230 கிராம், சுருள் வயர். மெத்தை முழுவதும் உரிந்திருந்தது, மற்றதெல்லாம் உறுதி. 15,000 ரூபாய்க்குத் தந்தார்.

பழையதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவற்றை அந்த அண்ணனே காட்டித் தந்தார். அவர் நேர்மையை மறக்க மாட்டேன். செருகும் முனையருகே வயரை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். கரகரத்தாலோ ஒரு பக்கம் விட்டுவிட்டு வந்தாலோ உள்ளே அறுந்திருக்கிறது. 20 ஹேர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டால், ஒலிப்பானில் கிழிசலோ தூசியோ இருந்தால் நடுங்கும் சத்தம் வரும். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும் ஒற்றைத்தட ஒலிப்பதிவில் குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மற்றப் பக்கம் பலவீனமாகிவிட்டது. பெயர் பெற்ற மாதிரிகளுக்குப் போலிகள் உண்டு என்பதால், நம்ப முடியாத விலைக்குப் புதிது கிடைத்தால் விலகிவிடுங்கள்.

வெல்வெட் மெத்தை ஒரு சோடி 3,500 ரூபாய்க்கு வந்தது. மாட்டுவதற்குக் கால் மணி நேரம். பழையதைக் கழற்றிய பிறகு உள்விளிம்பை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன். மற்றவர் காதில் இருந்த பொருள் அல்லவா. வெல்வெட் காற்றை உள்ளே விடுகிறது, கண்ணாடித் தண்டையும் தாங்குகிறது. ஆனால் காற்று போகும் வழியில் பேஸும் கொஞ்சம் போய்விடுகிறது, வெளிச் சத்தமும் கொஞ்சம் வருகிறது. அத்தோடு இந்த மாதிரியின் உச்ச ஒலி இயல்பிலேயே சற்றுக் கூர்மையானது. நீண்ட நேரம் கேட்டால் ச, ஸ ஒலிகள் குத்தும்.

இவற்றையெல்லாம் இக்வலைசரால், அதாவது தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியால், சரிசெய்ய முடிந்தது. விண்டோஸில் இக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அன்ட்ரொய்ட் கைபேசிக்கு வேவ்லெட். ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கு அளந்து தயாரித்த திருத்தங்களை ஓட்டோஇக்யூ என்ற திட்டம் இலவசமாகத் தருகிறது. அதை எடுத்துப் போட்டு, பிறகு என் காதுக்கு ஏற்ப 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் 3 டெசிபல் கூட்டினேன். எங்கே கூட்டினாலும் மொத்த ஒலியை அதே அளவு குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதையும். என் பழைய 6,500 ரூபாய் ஹெட்போனுக்கும் இதைச் செய்து பார்த்தேன். பேஸை இறக்கியதும் அதிலும் கள்ளு ஓரளவு கள்ளாகவே கேட்டது. அதனால்தான் வசதியை முதலில் பாருங்கள் என்கிறேன். ஒலியில் பெரும்பகுதியை ஒரு மென்பொருள் திருத்திவிடும். சிறிய கிண்ணத்தை அது பெரிதாக்காது.

இறுக்கம் அதிகமாக இருந்தால் ஹெட்போனை அதன் பெட்டியின் மீதோ, தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின் மீதோ இரண்டு மூன்று இரவுகள் மாட்டி வையுங்கள். உள்ளே உலோகப் பட்டை இருந்தால் இளகும். முழுவதும் பிளாஸ்டிக் என்றால் உடைந்துவிடும், வேண்டாம்.

ஒலியின் உரத்தைப் பற்றி என் வேலையில் இருக்கும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். வெளிச் சத்தத்தை வெல்வதற்காக நாம் உரத்தைக் கூட்டுகிறோம்; காலி வீதிப் பக்கத்து யன்னலை மூடியதும் என் உரம் தானாக இரண்டு படி இறங்கியது. ஐம்பது நிமிடம் கேட்டால் பத்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிறேன். காது குளிர்கிறது, மெத்தையும் உலர்கிறது.

மொத்தச் செலவு 18,500 ரூபாய். முன்பு "தெளிவில்லை" என்று குறித்துக் கொடுத்த பிரதிகளை எடுத்து, கூலி எதுவும் கேட்காமல் ஒவ்வொன்றாக மீண்டும் கேட்டு வருகிறேன். கள்ளு ஐயாவின் பதிவைத்தான் முதலில் கேட்டேன். அப்பா ஏறியது பனையில் என்று அவர் சொல்லி நிறுத்தும் இடத்தில், சற்றுத் தொலைவில் சட்டி ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம். அதன் பின்னால் ஒரு பெண் குரல்: "பனை மட்டுமில்லை, தென்னையிலும் ஏறினவர்." அவருடைய மனைவியாக இருக்க வேண்டும். என் முதற்பிரதியில் அந்த அம்மா இல்லை. ஆய்வாளரை அழைத்து உறுதிப்படுத்திக்கொண்டு, அவருடைய வரியையும் உரிய இடத்தில் சேர்த்து அனுப்பினேன்.